குலுக்கலில் விழுந்த வெளியூர்

2024 ஜனவரி 8, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்தில் நான்காம் சுற்றுக்கான குலுக்கல். எண் போட்ட 32 பந்துகள். அதில் ஒன்று மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டுக்கு உரியது.

மெய்ட்ஸ்டோன், லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அதன் கிளப் ஆடிக்கொண்டிருந்தது நேஷனல் லீக் சவுத்தில். பிரீமியர் லீக்கை முதல் படி என்று வைத்துக்கொண்டால் இது ஆறாவது படி. இரண்டு நாளுக்கு முன்புதான், மூன்றாம் படியில் இருந்த ஸ்டீவனேஜ் அணியை சாம் கோர்ன் அடித்த ஒரே பெனால்டியால் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். போட்டியில் மிஞ்சியிருந்த அணிகளிலேயே ஆகக் கீழே இருந்தவர்கள் இவர்கள்தான். ஆகவே அன்று மாலை அந்த ஊரின் ஆசைக்கு அளவே இல்லை. லிவர்பூல் வரட்டும், மான்செஸ்டர் சிட்டி வரட்டும், நம் பெயரும் அவர்கள் பெயரும் ஒரே வரியில் வரட்டும்.

வந்த பெயர் இப்ஸ்விச் டவுன். அதுவும் இப்ஸ்விச் முதலில், மெய்ட்ஸ்டோன் இரண்டாவதாக. முதலில் எடுக்கப்படும் பந்துக்குத்தான் சொந்த மைதானம். இரண்டாவது பந்துக்குப் பயணம்.

இதைவிடக் கடினமான குலுக்கல் அமைவது அரிது. இப்ஸ்விச் அப்போது இரண்டாம் படியான சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அந்த ஆண்டே பிரீமியர் லீக்குக்கு ஏறியும் போனது. ஒட்டுமொத்தப் பட்டியலில் மெய்ட்ஸ்டோனைவிட 98 இடம் மேலே. வென்றுவிடலாம் என்று நம்புவதற்கு இடமில்லை. தோற்றாலும் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி உலகம் அறிந்த பெயரும் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ ராத்திரி கண்விழித்து பிரீமியர் லீக் பார்க்கிற நம்மூர்ப் பையன்களில் எத்தனை பேருக்கு இப்ஸ்விச்சின் பெயர் அன்று தெரிந்திருக்கும்?

இப்படி ஒரு குலுக்கல் விழுந்ததும் ரசிகன் என்ன செய்கிறான் என்பதில்தான் எனக்கு அக்கறை. முதல் நிமிடம் முனகுகிறான். ‘மறுபடியும் வெளியூரா’ என்கிறான். இரண்டாவது நிமிடம் நாட்காட்டியைப் புரட்டுகிறான். மூன்றாவது நிமிடம், வண்டியில் இடம் இருக்கிறதா என்று நண்பனிடம் கேட்கிறான். இந்த மூன்றும் எல்லா ஊரிலும் நடக்கும், ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். முனகியவர்களே டிக்கெட் வரிசையில் முதலில் நிற்பார்கள். இதை வெறும் ஆட்டப் பைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. கடினமான வெளியூர்க் குலுக்கல் என்பது சிறிய கிளப் ஒன்றுக்கு ஆங்கிலக் கால்பந்து தந்துவந்த மிகப் பெரிய கொடை. அந்தக் கொடையில் ஒரு பகுதியைச் சமீபத்தில் பிடுங்கிவிட்டார்கள் என்பதால்தான் இதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

பையைக் குலுக்குங்கள், சத்தம் கேட்கட்டும்

எஃப்.ஏ. கோப்பை 1871-72ல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை. ஆண்டுதோறும் எழுநூறுக்கும் அதிகமான கிளப்புகள் நுழைகின்றன. ஆகஸ்டில் சின்னஞ்சிறு கிளப்புகள் தகுதிச் சுற்றுகளில் தொடங்கி ஒன்றையொன்று கழித்துக்கட்டும். ஜனவரியில் மூன்றாம் சுற்று வரும்போதுதான் பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் அணிகள் 44 உள்ளே வருகின்றன. கீழிருந்து ஏறிவந்த 20 அணிகள் அவர்களுக்காகக் காத்திருக்கும். ஆக மொத்தம் 64 பந்துகள்.

அந்த 64 பந்துகளுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது. வலுவான அணிகளைத் தனியே பிரித்து வைப்பதில்லை. சிறிய அணிக்கு உதவவும் விதி இல்லை, பெரிய அணியைக் காக்கவும் விதி இல்லை. மற்ற நாடுகளில் இப்படி இல்லை. பிரான்ஸில் இரண்டு டிவிஷன் அல்லது அதற்கு மேல் கீழே இருக்கும் அணிக்குத்தான் சொந்த மைதானம். ஜெர்மனியில் முதல் சுற்றில் சிறிய கிளப்புகளை ஒரு பானையிலும் பெரிய கிளப்புகளை இன்னொரு பானையிலும் போட்டு, சிறியவர்களின் ஊருக்குப் பெரியவர்களை அனுப்புகிறார்கள். ஸ்பெயினும் 2019-20 முதல் தொடக்கச் சுற்றுகளில் ஒரே ஆட்டம், அதுவும் சிறியவர் மைதானத்தில் என்று மாற்றிக்கொண்டது. அழகான ஏற்பாடுகள். கிராமத்து மைதானத்தில் பயர்ன் மியூனிக் வந்து இறங்குவதைக் காண யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அங்கே குலுக்கல் முடியுமுன்பே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் கடைசிப் பந்து வரும்வரை எதுவும் தெரியாது.

இந்தத் தெரியாமைக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1935 டிசம்பரில் பி.பி.சி. வானொலி முதன்முறையாகக் குலுக்கலை நேரடியாக ஒலிபரப்பியது. வானொலியில் பந்து தெரியாதே. ஆகவே பையை நன்றாகக் குலுக்கி, அந்தச் சத்தம் ஒலிவாங்கியில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று கால்பந்துச் சங்கச் செயலர் ஸ்டான்லி ரவ்ஸிடம் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குத் திங்கட்கிழமை மதியக் குலுக்கல் ஒரு தேசிய வழக்கம் ஆனது. தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் சாப்பாட்டு வேளையில் வானொலியைச் சுற்றி நின்றார்கள். அணியின் வீரர்களே உடைமாற்றும் அறையில் கூடிநின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். இன்று தொலைக்காட்சியில், பழைய நட்சத்திர வீரர்கள் பந்து எடுக்க, வெளிச்சமும் இசையுமாக நடக்கிறது. ஆனால் ரசிகனின் வயிற்றில் நடப்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பதினைந்து சதவீதமும் நாற்பத்தைந்து சதவீதமும்

வெளியூர்க் குலுக்கல் ஏன் கொடை? இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும்.

முதல் விதி, டிக்கெட். லீக் ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களுக்கு மூவாயிரம் இடம் கிடைப்பதே பெரிது. கோப்பையில் மைதானத்தின் கொள்ளளவில் 15 சதவீதம் வரை விருந்தாளி அணி கேட்டு வாங்கலாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இப்ஸ்விச்சின் போர்ட்மன் ரோடு மைதானத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் அமரலாம். அதில் 15 சதவீதம் நாலாயிரத்து ஐநூறு. அன்று மெய்ட்ஸ்டோனிலிருந்து போனவர்களின் எண்ணிக்கையும் அதே அளவுதான். அவர்களுடைய சொந்த மைதானமான காலகர் ஸ்டேடியத்தில் கொள்ளக்கூடியவர்களே சுமார் 4,200 பேர். ஒரு கிளப்பின் மொத்த மைதானமும் பெயர்ந்து இன்னொரு ஊருக்குப் போன மாதிரி.

அர்செனல் மைதானம் அறுபதாயிரம். 2017ல் லிங்கன் சிட்டி அங்கே போனபோது ஒன்பதாயிரம் பேர் உடன் போனார்கள். செல்சீ மைதானம் நாற்பதாயிரம் சொச்சம். 2015ல் பிராட்ஃபோர்டு அங்கே ஆறாயிரம் பேரைக் கூட்டிப் போனது. 2006ல் பர்ட்டன் ஆல்பியன், அப்போது லீக்குக்கு (அதாவது மேல் நான்கு படிகளுக்கு) வெளியே இருந்த சின்ன கிளப், ஓல்டு டிராஃபோர்டுக்குச் சுமார் பதினோராயிரம் பேருடன் போய் இறங்கியது. ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். அந்தப் பயணத்தை இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது விதி, பணம். மூன்றாம் சுற்றிலிருந்து, டிக்கெட் வசூலில் செலவு போக மிஞ்சுவதில் சொந்த ஊர் அணிக்கு 45 சதவீதம், வந்த அணிக்கும் 45 சதவீதம். மிச்சம் பத்து பொது நிதிக்கு. லீக் ஆட்டத்தில் வெளியூர் அணிக்கு வசூலில் ஒரு காசு வராது. கோப்பையில் சமபங்கு. ஒரு பேச்சுக்கு, முப்பதாயிரம் பேர் ஆளுக்கு 15 பவுண்டு கொடுத்தால் வசூல் நாலரை லட்சம் பவுண்டு. செலவு கழிந்தாலும் வந்த அணியின் பங்கு இரண்டு லட்சத்துக்குச் சற்றே கீழே நிற்கும். அதே ஆட்டம் நாலாயிரம் பேர் கொள்ளும் சொந்த மைதானத்தில் நடந்தால் மொத்த வசூலே அறுபதாயிரம். பங்கு இருபத்தேழாயிரத்தைத் தாண்டாது.

எனவேதான் சிறிய கிளப்பின் பொருளாளரும் ரசிகரும் ஒரே குலுக்கலைப் பார்த்து வேறு வேறு முகம் காட்டுவார்கள். பெரியவர்கள் நம் சேற்று மைதானத்துக்கு வந்து திணற வேண்டும் என்பது ரசிகர் ஆசை. நாம் அவர்களின் பெரிய மைதானத்துக்குப் போக வேண்டும் என்பது பொருளாளர் பிரார்த்தனை. இரண்டு ஆசையையும் ஒரே குலுக்கல் நிறைவேற்றிவைக்க ஒரு வழி முன்பு இருந்தது. வெளியூரில் போய்ச் சமன் செய்வது. சமன் ஆனால் மறு ஆட்டம், அதுவும் உங்கள் ஊரில்.

எக்ஸிட்டர் பிழைத்த கதை

2005 ஜனவரி 8. எக்ஸிட்டர் சிட்டி லீக்கிலிருந்து கீழே விழுந்து ஐந்தாம் படியில் கிடந்தது. முந்தைய நிர்வாகம் விட்டுப்போன கடன் கழுத்தை நெரித்தது. 2003ல் ரசிகர்களே அறக்கட்டளை அமைத்துக் கிளப்பைக் கையில் எடுத்திருந்தார்கள். உண்டியல் குலுக்கியும் மைதானத்துக்குத் தாங்களே சுண்ணாம்பு அடித்தும் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். மூன்றாம் சுற்றில் குலுக்கல் சொன்னது: மான்செஸ்டர் யுனைடெட், ஓல்டு டிராஃபோர்டில்.

யுனைடெட்டின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் இளைஞர்களை அதிகம் இறக்கினார். பார்வையாளர்கள் 67,551. ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது. பதினொரு நாள் கழித்து எக்ஸிட்டரின் சின்ன மைதானத்தில் மறு ஆட்டம். இம்முறை ரொனால்டோவும் ரூனியும் வந்தார்கள், ஆளுக்கொரு கோல் அடித்தார்கள், யுனைடெட் 2-0 என்று வென்றது. எக்ஸிட்டர் போட்டியிலிருந்து வெளியேறியது. ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் வசூலும் தொலைக்காட்சிப் பணமும்தான் கடன்காரர்களோடு பேசித் தீர்க்கக் கைகொடுத்தன. கிளப் பிழைத்தது, மறுபடி லீக்குக்கு ஏறியது. இன்றும் ரசிகர்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு கடினமான குலுக்கல், ஒரு சமன், ஒரு மறு ஆட்டம். இந்த மூன்றில் நடுவில் ஒன்று அறுந்திருந்தால் கதை வேறு.

அதற்கும் முன்னால் ஹெரிஃபோர்டு. 1972ல் லீக்குக்கு வெளியே இருந்த அந்த அணிக்கு விழுந்த குலுக்கல் நியூகாசில், வெளியூர். அங்கே போய் 2-2 என்று சமன் செய்தார்கள். பிப்ரவரி 5 அன்று ஹெரிஃபோர்டின் எட்ஜர் ஸ்ட்ரீட்டில் மறு ஆட்டம். சேற்றில் முழங்கால் புதைய ஓடிவந்து ரோனி ராட்ஃபோர்டு தொலைவிலிருந்து அடித்த கோலும், கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் அடித்த கோலும் நியூகாசிலை வெளியேற்றின. சிறுவர்கள் கும்பலாக மைதானத்துக்குள் பாய்ந்த காட்சியை பி.பி.சி. இன்றுவரை ஒவ்வொரு ஜனவரியிலும் போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோடையிலேயே ஹெரிஃபோர்டு லீக்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ராட்ஃபோர்டின் கோலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நியூகாசிலில் பெற்ற அந்த 2-2 இல்லாவிட்டால் ராட்ஃபோர்டு அந்த இடத்தில் ஓடியே இருக்கமாட்டார் என்பதை யாரும் பேசுவதில்லை.

2024 ஏப்ரலில் கால்பந்துச் சங்கமும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. 2024-25 முதல், கோப்பையின் முதல் சுற்று தொடங்கி இறுதிவரை மறு ஆட்டமே கிடையாது. சமன் ஆனால் அன்றைக்கே கூடுதல் நேரம், பெனால்டி. ஐரோப்பியப் போட்டிகளில் ஆட்டங்கள் கூடிவிட்டன, நாட்காட்டியில் இடமில்லை என்பது காரணம். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கீழ் டிவிஷன் கிளப்புகள் வரிசையாகக் குரல் எழுப்பின. எக்ஸிட்டரும் அதில் உண்டு.

வீரர்கள் களைத்துப்போகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவில் கூடுதல் ஆட்டம் ஆடுவது ஏழெட்டுக் கிளப்புகள். அவர்களின் வசதிக்காக, ஐரோப்பாவை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருக்கும் நூற்றுக்கணக்கான கிளப்புகளின் சன்னலை ஏன் சாத்த வேண்டும்? பிரீமியர் லீக் கூடுதலாக நிதி தரும் என்றார்கள். நிதி வரும், சரி. ரொனால்டோ வருவாரா?

நடுவில் நிற்பவர்களின் துயரம்

சிறிய கிளப்பை மட்டும் பேசினால் பாதி உண்மைதான். வெளியூர்க் குலுக்கலில் உண்மையாகவே வாய்விட்டு முனகுபவர்கள் நடுத்தரக் கிளப்புகளின் ரசிகர்கள். சாம்பியன்ஷிப்பில் ஏழாவது, எட்டாவது இடத்தில் இருக்கும் அணி. அவர்களுக்கு விழும் குலுக்கல், அதே சாம்பியன்ஷிப்பின் இன்னோர் அணி, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. ஏற்கெனவே லீக்கில் அங்கே ஒருமுறை போய்த் தோற்று வந்தாயிற்று. புதிய மைதானம் பார்க்கும் சுகமும் இல்லை, பெரிய வசூலும் இல்லை. பயிற்சியாளர் பாதி அணியை ஓய்வில் வைப்பார். தொலைக்காட்சி அந்த ஆட்டத்தை எடுக்காது. எடுத்தாலோ, கடைசி ரயில் கிளம்பிய பிறகு முடியும் நேரத்தில் வைக்கும். அப்படியும் சில நூறு பேர் போகிறார்கள். உண்மையான பக்தி எது என்று என்னைக் கேட்டால், ஓல்டு டிராஃபோர்டுக்குப் போன பதினோராயிரம் பேரைவிட இந்தச் சில நூறு பேரைத்தான் காட்டுவேன்.

பெரிய கிளப்பின் ரசிகர்களுக்கு இன்னொரு விதமான அச்சம். அவர்களுக்குக் கடினமான வெளியூர் என்பது சின்ன ஊர். 1992 ஜனவரியில் நடப்பு லீக் சாம்பியன் அர்செனல், ரெக்ஸம் மைதானத்துக்குப் போனது. முந்தைய ஆண்டு மொத்த லீக்கிலும் கடைசி இடத்தில் முடித்த அணி ரெக்ஸம். அர்செனல் முதலில் கோல் அடித்தது. மிக்கி தாமஸின் ஃப்ரீ கிக்கும் ஸ்டீவ் வாட்கினின் கோலும் 2-1 என்று முடித்துவைத்தன. 2017ல் பிரீமியர் லீக் அணியான பர்ன்லியின் மைதானத்திலேயே லிங்கன் சிட்டியின் ஷான் ராகெட் 89ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி வென்றார். 1914க்குப் பிறகு காலிறுதிக்கு வந்த, லீக்கில் இல்லாத முதல் அணி ஆனது லிங்கன். அடுத்த குலுக்கல்தான் அர்செனல், அதுவும் வெளியூர். ஐந்து கோல் வாங்கினார்கள். அந்த ஒன்பதாயிரம் பேரும் கடைசி விசில்வரை பாடிக்கொண்டிருந்தார்கள்.

தூரம் ஒரு தனிக் கொடுமை. பிளிமத் ஆர்கைல் நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கிளப். அவர்களுக்கு எல்லா வெளியூருமே தொலைவுதான். 2025 பிப்ரவரி 9 அன்று சாம்பியன்ஷிப்பின் அடிமட்டத்தில் கிடந்த அவர்கள், ரயன் ஹார்டியின் பெனால்டியால் லிவர்பூலைத் தங்கள் ஊரில் வென்றார்கள். அந்தக் கொண்டாட்டத்தின் சூடு ஆறுமுன் அடுத்த குலுக்கல்: மான்செஸ்டர் சிட்டி, வெளியூர். ஒரு வழிக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கில் போனார்கள். மார்ச் 1 அன்று மக்சிம் தலோவியேரோவ் முட்டி பிளிமத்தை முன்னிலைக்குக் கொண்டுபோனபோது, அந்த மூலையில் நின்றவர்களுக்குத் தூரம் மறந்தே போயிருக்கும். பிறகு சிட்டி மூன்று கோல் அடித்தது. திரும்பும் வண்டிகள் நள்ளிரவு தாண்டித்தான் ஊர் சேர்ந்திருக்கும்.

எப்போதும் தோல்விதான் என்றால் யாரும் போகமாட்டார்கள். 2015 ஜனவரி 24, ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ். பிரீமியர் லீக்கில் முதலிடத்தில் இருந்த செல்சீ, மொரீன்யோவின் செல்சீ, மூன்றாம் படியில் இருந்த பிராட்ஃபோர்டுக்கு எதிராக 2-0 என்று முன்னே போய்விட்டது. அதோடு முடிந்தது என்று மைதானமே நினைத்தது. இடைவேளைக்கு முன் ஜான் ஸ்டெட் ஒன்று அடித்தார். பிறகு மொராய்ஸ், ஹாலிடே, ஈட்ஸ். 4-2. பில் பார்க்கின்சனின் அந்த அணியை வாழ்த்த மொரீன்யோ அவர்களின் உடைமாற்றும் அறைக்கே போனார். குலுக்கலில் செல்சீ என்று வந்தபோது முனகிய ஆறாயிரம் பேரும் அன்று அங்கே இருந்தார்கள்.

முப்பத்தெட்டுக்கு இரண்டு

மெய்ட்ஸ்டோனுக்கு வருவோம். அந்த ஊர்க்காரர்களுக்கு வெளியூர் என்ற சொல்லே பழைய காயம். தங்கள் மைதானத்தை விற்றுவிட்டு 1988 முதல் டார்ட்ஃபோர்டில் இரவல் இடத்தில் ஆடினார்கள். ஒவ்வொரு சொந்த ஆட்டமும் வெளியூர்ப் பயணம். 1992ல் பணம் தீர்ந்து லீக்கிலிருந்தே விலகினார்கள். அந்தக் கிளப் செத்தது. கென்ட் மாவட்ட லீக்கின் நான்காம் டிவிஷனில் புதிதாகத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, 2012ல்தான் சொந்த ஊரில் மைதானம் கட்டித் திரும்பினார்கள். ஆண்டுக்கணக்கில் சொந்த மைதானம் இல்லாமல் அலைந்த கூட்டத்துக்கு இப்ஸ்விச் ஒரு தூரமா?

ஜனவரி 27. சாலை வழியே சுமார் 120 கிலோமீட்டர். அன்று மதியம் இப்ஸ்விச் கோலை நோக்கி 38 முறை அடித்தது. கோல்கீப்பர் லூகாஸ் கோவோலன், பிரேசில்காரர், கையாலும் காலாலும் உடம்பாலும் தடுத்துக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குச் சற்று முன் மெய்ட்ஸ்டோனின் லமார் ரேனால்ட்ஸ் தனியே ஓடிப்போய் கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். இரண்டாம் பாதியில் ஜெரமி சர்மியென்டோ சமன் செய்தார். எல்லோரும் இனி வெள்ளம்தான் என்று நினைத்தபோது சாம் கோர்ன் அடித்தார். 2-1. மெய்ட்ஸ்டோன் அந்த ஆட்டத்தில் அடித்ததே இரண்டு முறை. இரண்டும் கோல்.

கேமரூனில் பிறந்து, முன்பு வுல்வ்ஸ் அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்த ஜார்ஜ் எலொகோபிதான் அவர்களின் பயிற்சியாளர். ஆறாம் படியிலோ அதற்குக் கீழேயோ இருந்து ஐந்தாம் சுற்றுக்கு வந்த அணி, 1978ன் பிளைத் ஸ்பார்ட்டன்ஸுக்குப் பிறகு இவர்கள்தான்.

பிளைத்தின் கதையிலும் குலுக்கல் வெளியூர்தான். நான்காம் சுற்றில் ஸ்டோக் சிட்டி, அவர்கள் மைதானத்தில். 3-2 என்று வென்றார்கள். ஐந்தாம் சுற்றில் பக்கத்து நகரத்துப் பெரிய கிளப் நியூகாசில் வரும் என்று ஊரே காத்திருக்க, நியூகாசிலை ரெக்ஸம் வெளியேற்றிவிட்டது. ஆகவே ரெக்ஸம் மைதானத்துக்குப் போனார்கள். கடைசி நொடிவரை 1-0 என்று முன்னே இருந்தார்கள். ரெக்ஸமுக்கு ஒரு கார்னர். பந்தைப் பிடித்தாயிற்று. ஆனால் மூலைக்கொடி சாய்ந்து கிடந்ததால் நடுவர் கார்னரை மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடி எடுத்ததில் கோல். மறு ஆட்டத்துக்கு பிளைத்தின் மைதானம் போதாது என்று நியூகாசிலின் மைதானத்தில் வைத்தார்கள். நாற்பத்திரண்டாயிரம் பேர் உள்ளே, இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே. 2-1 என்று தோற்றார்கள். தோற்றுப்போன அந்தச் சின்ன ஊர் நாற்பத்திரண்டாயிரம் பேரைத் திரட்டிய இரவு அது. அந்த இரவையும் ஒரு வெளியூர்ச் சமன்தான் கொடுத்தது.

மெய்ட்ஸ்டோனின் ஐந்தாம் சுற்றுக் குலுக்கலும் வெளியூரே: கோவென்ட்ரி. பிப்ரவரி 26, திங்கட்கிழமை இரவு. மறுநாள் வேலை, பள்ளி. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் போனார்கள். எல்லிஸ் சிம்ஸ் மூன்று, ஃபாபியோ தவாரெஸ் இரண்டு, கோவென்ட்ரி 5-0. அதே கோவென்ட்ரி பிறகு அரையிறுதி வரை போய், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் பின்தங்கி, மூன்றையும் அடித்துச் சமன் செய்து பெனால்டியில்தான் தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். மெய்ட்ஸ்டோன் தோற்றது லேசான அணியிடம் அல்ல.

மறு ஆட்டத்தை முழுதாகத் திருப்பிக் கொண்டுவரப் பெரிய கிளப்புகள் விடமாட்டா என்றால், ஒரு நடுவழி இருக்கிறது. இரண்டு டிவிஷனோ அதற்கு மேலோ கீழே இருக்கும் அணி, வெளியூரில் போய்த் தொண்ணூறு நிமிடம் தாக்குப்பிடித்துச் சமன் செய்தால், அப்போது மட்டும் மறு ஆட்டம், சிறியவரின் மைதானத்தில். இப்படி அமைவது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். இதனால் ஐரோப்பிய நாட்காட்டி ஒன்றும் கிழிந்துவிடாது. பெரிய அணிக்கு அது பிடிக்காவிட்டால் வழியும் அதனிடமே இருக்கிறது: முதல் ஆட்டத்தில், தன் ஊரில், தன் மக்கள் முன்னால், நூறு இடம் கீழே இருக்கும் அணியை வென்றுவிட வேண்டியதுதான். 2005ன் யுனைடெட்டிடமும் 1972ன் நியூகாசிலிடமும் கேட்கப்பட்டது அவ்வளவுதான். அதைக் கேட்கும் உரிமையைத்தான் எக்ஸிட்டரும் மெய்ட்ஸ்டோனும் திருப்பிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.